மது: இல்லை

படிவத்தில் அந்த இடத்தைத் தாதி
என்னைக் கேட்காமலே நிரப்பினாள்:
மது, இல்லை.
எனக்கு முன்னால் நின்ற
நாவாந்துறை மரியசீலனிடம் மூன்று தரம் கேட்டவள்,
எவ்வளவு, எத்தனை நாள், சாராயமோ கள்ளோ என்று.
என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
சேலை கட்டினால் ஈரல் இராதாக்கும்.

நான் இந்தப் பெரியாஸ்பத்திரியில்
பதினாறு வருசமாக இரத்தம் வாசிக்கிறவள்.
குழாயைச் சுழற்றினால் சிவப்பு அடியில் இறங்கும்,
மேலே தெளிவு நிற்கும்.
சுகமான உடம்பென்றால் வைக்கோல் நிறம்.
ஆண்கள் விடுதியிலிருந்து வருகிறவை சில
மஞ்சள் கரைத்த மாதிரி.
இயந்திரம் எண் சொல்ல முன்னமே
எனக்குத் தெரிந்துவிடும்.
வெளியே வாங்கில் இருக்கிற பெண்சாதிமாருக்கு
எனக்கும் முன்னமே.

போன கிழமை மரியசீலனின் மனிசி
றிப்போட்டை நீட்டினா.
"இதிலை எது பிள்ளை கள்ளு, எது சாராயம்?"
எண்ணுக்கு அது தெரியாது, அக்கா.
பனையால் இறக்கினதோ சீல் உடைத்து ஊற்றினதோ
ஈரல் விசாரிப்பதில்லை.
இதை ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.
கள்ளு குளிர்ச்சியாம், சாப்பாடாம்,
அம்மை போட்டவனுக்குக் கூட ஆகுமாம்.

சரி. இனி என் பக்கம்.

தை பிறந்தால்
வெள்ளிக்கிழமை தவிர்ந்த பின்னேரங்களில்
சோடாப் போத்தலில் கள்ளு வரும்,
கொக்குவில் தவறணையிலிருந்து,
செல்வரூபனின் சைக்கிள் கூடையில்,
மேலே ஒரு முளைக்கீரைக் கட்டு.
நான் போய் வரிசையில் நிற்க முடியாத இடம்.
கீரை எனக்காகப் பொய் சொல்லும்.
மகள் ரியூசனால் வர முதல்
கேற்றைப் பூட்டி, குசினிக்குள்
ஒரு கிளாஸ். சில நாள் இரண்டு.
தாதி கேட்டிருந்தால் ஒன்று என்றிருப்பேன்.

அந்தப் புளிப்பை எப்படிச் சொல்ல?
நாக்கின் இரு ஓரத்திலும் ஒரு கிள்ளு,
பேந்து மூக்கால் ஏறுகிற நுரை.
நுரையில் செத்த எறும்பை விரலால் எடுத்துச்
சுவரில் துடைப்பேன்.
சட்டியில் பிடித்த கணவாய்ப் பிரட்டல்,
உறைப்பில் இரண்டு பேருக்கும் கண்ணீர்.
அந்த அரை மணித்தியாலத்தில்தான்
என் மனிசன் நந்திக்கடலைப் பற்றிக் கதைப்பான்.
முழங்கால் வரை, இடுப்பு வரை,
தமையன் கையைப் பிடித்தபடி கழுத்து வரை.
அதற்கு மேல் தண்ணியை ஏறவிடமாட்டான்.
போத்தல் முடிய அவனும் முடிந்துவிடுவான்.
ஒருநாள் தேத்தண்ணி வைத்துப் பார்த்தேன்.
சீனி கூடிப்போச்சு என்றான்.

நேற்று என் குழாய் என் மேசைக்கே வந்தது.
பெண்ணுக்கு எல்லை நாற்பது.
அறுபத்தெட்டு.
இயந்திரத்தில் பிழை என்று திரும்ப ஓடவிட்டேன்.
அறுபத்தேழு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தேன், விசரி மாதிரி.

தட்டில் வைத்து நிறுத்துப் பார் என்கிறார்கள்.
அறுபத்தெட்டை வைக்கலாம், அது எண்.
கழுத்தளவுத் தண்ணியை எந்தப் படியால் அளப்பது?
மரியசீலனின் மனிசியை எந்தத் தட்டில் இருத்துவது?
அவ ஒரு மிடறும் குடித்ததில்லை.
வாங்கில் இருந்தபடி சங்கிலிக் கொக்கியைத்
தடவிக்கொண்டிருந்தா, சங்கிலி இல்லாத கழுத்தில்.

படிவத்தை எடுத்து "இல்லை"யை வெட்டினேன்.
பக்கத்தில் எழுத இடம் போதவில்லை.
ஓரத்தில் சரித்து எழுதினேன்: உண்டு.
பேனை மை கொஞ்சம் ஊறிவிட்டது.

பின்னேரம் மணி அடித்தது.
கீரையை மட்டும் வாங்கினேன்.
"தண்ணி கழுத்துக்கு மேலே வந்தாப் பிறகு
என்ன நடந்தது?" என்றேன்,
கிளாஸ் எடுத்து வைக்காமல்.

செல்வரூபன் குந்தியிருந்து
கீரையை ஆயத் தொடங்கினான்.
தண்டு. இலை. தண்டு.
மகள் வர இன்னும் இருபது நிமிசம்.
கூடைக்குள்
போத்தலின் மூடி மெல்ல உயருகிறது.